வெறுங்காலில் கிளட்ச்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் பழைய ஷோரூமிலிருந்து குமரன் போன் செய்தான். டெலிவரி டிரைவர்களுக்கெல்லாம் இப்போது அவன்தான் பொறுப்பு. கியர் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ரொம்ப நாளைக்கு அப்புறம் விற்றிருக்கிறதாம். அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் ஆட்டோமேட்டிக்கிலேயே பழகியவர்கள். எடுத்தவுடன் வண்டி தவளை மாதிரி குதிக்கிறது என்றான்.

"பாய், உங்க வெறுங்கால் முறைய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. 'பாய் முறை'ன்னு தலைப்பு போட்டு செவுத்துல ஒட்டிடறோம்" என்றான்.

எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது. படிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் குமரா, இதைச் சுவரில் ஒட்டாதே. அந்த முறையையும் விட்டுவிடு. வெறுங்காலோடு யாரையும் உட்கார வைக்காதே. காரணத்தை இத்தனை வருஷமாக உங்களில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஷோரூமில் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. இப்போது கெட்டுப்போனால் போகட்டும்.

டெலிவரி டிரைவர் என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது. புது வண்டி வாங்கியவர் வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் விடுவது பாதி வேலை. அவர் பக்கத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து, கை பழகும்வரை சொல்லிக்கொடுப்பது மீதி வேலை. கடைசி நாள், அவர் தனியாக ஓட்டலாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். வில்லியனூரில் பிறந்து, லாரியில் கிளீனராகத் திரிந்து, லைசென்ஸ் எடுத்து இந்த வேலைக்கு வந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் பட்ட கஷ்டம்தான்.

எனக்குக் கியர் கற்றுக்கொடுத்தவர் ஃபோர்மேன் லூர்துசாமி. டவுனில் பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கார்களை மேய்த்து வந்தவர். சத்தம் போட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். கியர் மாற்றும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் போதும், "நிறுத்துடா" என்று கதவைத் திறந்து இறங்கிவிடுவார். இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி ஓரமாகவே நடப்பார். நான் நடை வேகத்தில் ஓட்ட வேண்டும், திரும்ப நிறுத்தி எடுக்க வேண்டும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற வேண்டும். அது வெண்ணெய் மாதிரி விழுந்தால் மட்டும் "சே போன்" என்று, பிரெஞ்சில் நல்லா இருக்கு என்று, சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார். முதல் நாள் அவர் வில்லியனூர் ரோட்டில் பாதி தூரம் நடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கார் ரிப்பேர் என்று நினைத்துத் தள்ளிவிட வந்தார்கள்.

அவருடைய முறை இது. செருப்பைக் கழற்று. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கிளட்சை நூறு தடவை மெல்ல அமுக்கி மெல்ல விடு. பிறகு இன்ஜினைப் போடு. ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை ஒரு நூலளவு, ஒரு நூலளவாக மேலே விடு. ஓரிடத்தில் இன்ஜின் வந்து பிடிக்கும். அந்த இடத்தில் பெடலில் ஒரு சின்ன நடுக்கம் வரும். அந்த நடுக்கம் உள்ளங்காலில் ஏற வேண்டும். அந்த இடம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கியர்க் கம்பியை முஷ்டியால் பிடிக்காதே, உள்ளங்கையால் தள்ளு. மூன்றுக்குப் போகும்போது தள்ளிவிட்டால் போதும், அதுவே நடுவில் வந்து நிற்கும். கீழே இறக்கும்போது, கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கூப்பிட்டுக்கொள்.

"செருப்பு போட்டவனுக்குக் கிளட்ச் பேசாதுடா" என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு முப்பது வருஷம் நூற்றுக்கணக்கான பேரை அப்படித்தான் உட்கார வைத்தேன். புது வண்டியில் செருப்போடு ஏற நம் ஊர்க்காரர்களுக்கே கூச்சம், அதனால் யாரும் மறுப்பு சொன்னதில்லை. லூர்துசாமி முறை என்பது பாய் முறை என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு.

தெய்வசிகாமணி ஐயா என்பவருக்கு வண்டி கொண்டுபோய்விட்டது நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால். சோரியாங்குப்பத்துக்காரர். கரும்பும் நெல்லும். அறுபது வயது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஷோரூமுக்கு வந்தவரைப் பார்த்து, யாருக்கோ துணையாக வந்திருக்கிறார் என்று உட்காரச் சொன்னார்களாம். அவரோ நீல நிறத்தில் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றிருக்கிறார். ஆட்டோமேட்டிக்கில் தருகிறோம் ஐயா, சுலபம் என்றதற்கு, "கியர் இல்லன்னா அது இன்னா வண்டி? ராட்டினமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஏன் இந்த வண்டி என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். நாலு வழிச் சாலைக்கு அவருடைய கரும்புத் தோட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அப்போது சாலை வேலை நடந்துகொண்டிருந்தது, இன்னும் திறக்கவில்லை.

"நாப்பது வருசம் டிராக்டர்லயே உக்காந்துட்டேன் பாய். ஆள் நடந்தா அதத் தாண்டிப் பூடுவான். என் நெலத்து மேல ரோடு போடறானுங்கோ. அதுல எவன் எவனோ பறக்கப்போறான். மொதல்ல நான் ஒரு தபா பறந்து பாக்கணும். வேற ஆள் ஓட்டி நான் உக்காந்து போறது கிடையாது. நானே ஓட்டணும்."

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி கனகம்மாவும்தான். நான் கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய், அவருக்கு சக்கரை இருக்குது. சொன்னா ஒத்துக்க மாட்டாரு. நேரத்துக்கு சாப்புட வையுங்க. செருப்பு இல்லாம நடக்க வுடாதீங்க, டாக்டரு சொல்லிக்கிறாரு. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்" என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன்மா என்றேன். மறுநாளே அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். என் மனசில் நான் சொல்லிக்கொண்ட சமாதானம் இது: நடக்க விடக் கூடாது என்றுதானே சொன்னார்கள், இவர் உட்கார்ந்துதானே இருக்கிறார். அந்த அம்மா சொன்னதில் சாப்பாட்டை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டேன். பத்து மணிக்கு பிஸ்கட், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு நாள் தவறியதில்லை. இன்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வண்டியின் பெடல்களைச் சொல்ல வேண்டும். சாதாரண கார்களில் ரப்பர் போர்த்தியிருக்கும். இதில் வெறும் அலுமினியத் தகடு, அழகுக்காக வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தார்கள். ஷூ போட்டு ஓட்டுகிறவனுக்காகச் செய்தது. கிளட்சும் கனம். ஓட்டைகளின் விளிம்பு உள்ளங்காலில் நன்றாகவே உறைக்கும். வண்டியைக் கொண்டுபோகும் முன் இரண்டு நாள் நான் ஓட்டிப் பார்த்ததில் எனக்கே முன்னங்காலில் எரிச்சல் எடுத்து, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன்.

நெல் காயவைக்கும் அவருடைய சிமெண்டுக் களத்தில்தான் ஆரம்பித்தோம். அவருக்குக் கற்றுக்கொடுப்பது சுலபமாக இல்லை. அவருடைய பழைய டிராக்டரில் ஓடும்போது கியர் மாற்றுகிற பழக்கமே கிடையாது. நிறுத்தி, கியரைப் போட்டு, கிளட்சை விட்டால் அது பாட்டுக்கு உழுதுகொண்டு போகும். ஆகவே ஒவ்வொரு கியருக்கும் வண்டியை நிறுத்தினார். நிறுத்தாமல் மாற்றுங்கள் என்றால் கிளட்சை டக்கென்று விட்டார். வண்டி துள்ளி அணையும். நாங்கள் இரண்டு பேரும் கோயில் மாடு தலையாட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். களத்து ஓரத்தில் வேலைக்கு வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நல்ல மனுஷர்.

"ஐயா, கிளட்ச் பிடிக்கிற எடத்துல ஒரு நடுக்கம் வரும். கால் உங்களுக்குச் சொல்லும்" என்றேன்.

"கால் ஒண்ணியும் சொல்லலயே பாய்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். இன்னும் நூறு தடவை அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். நூறு முடிந்ததும் அவரே கேட்டு இன்னொரு நூறு அமுக்கினார். கால் வலிக்கவில்லையா என்று மூன்றாவது நாள் கேட்டேன். "சேத்துல நடந்த காலு பாய் இது. இந்தத் தகடு இன்னா பண்ணும்?" என்றார். என் காலே எரிந்ததே, இவருக்கு எரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தை விவசாயியின் உரமேறிய கால் என்று பாராட்டி முடித்துவிட்டேன். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் தெருவிலேயே சர்க்கரைக்காரர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

ஐந்து நாள் போதவில்லை. ஷோரூமில் கேட்டு இன்னும் ஒரு வாரம் நீட்டினேன்.

அந்த வீட்டில் தினமும் காலையில் வண்டிக்குப் பொட்டு வைப்பார் கனகம்மா. புது வண்டி, வீட்டுக்காரருக்கோ அவசரம், அந்த அம்மாவுக்குப் பயம். முன்பக்கம், ஸ்டீயரிங், கியர்க் கம்பியின் தலை எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும். டயரடியில் எலுமிச்சம்பழம் வேறு. பயிற்சி முடிந்ததும் வண்டியைத் துடைத்து நிறுத்துவது என் வேலை. ஏழாவது நாள் துடைக்கும்போது கிளட்ச் பெடலில் சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். ஓட்டைகளைச் சுற்றி, கொஞ்சம் கறுத்த சிவப்பு.

இந்த அம்மா பெடலுக்கும் பொட்டு வைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன். கால் படுகிற இடத்தில் குங்குமம் இருக்கலாமா, அவர்கள் வழக்கம் என்னவோ, நான் போய்க் கேட்டால் ஏதாவது தப்பாகப் போய்விடுமோ என்று தயங்கினேன். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டு பூஜையில் ஓரமாகக் கைகட்டி நின்றிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் வாய் திறப்பதே இல்லை. அதனால் மரியாதையாகக் குனிந்து, சுத்தமான துணியை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் என்றால் உதிரும். இது ஒட்டிக்கொண்டிருந்தது. நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. எட்டாவது நாளும் இருந்தது, ஒன்பதாவது நாளும் இருந்தது. மூன்று நாளும் துடைத்தேன்.

பதினோராவது நாள் அவருக்குக் கியர் வந்துவிட்டது. அதிகாலையில் பாகூர் ஏரிக்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று கால் சொல்வதை விட்டுவிட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார். சத்தம் ஒரு சுருதிக்கு ஏறியதும் கிளட்ச், உள்ளங்கையால் ஒரு தள்ளு, மெல்ல விடுதல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வண்டி மாறியதே தெரியவில்லை. என்னையறியாமல் "சே போன்" என்றேன். என்ன அது என்று கேட்டார். லூர்துசாமியைப் பற்றிச் சொன்னேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அன்று மத்தியானம் தாளில் கையெழுத்துப் போட்டேன். தனியாக ஓட்டலாம்.

நாலு நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். காய்ச்சல், கால் வீங்கி நிறம் மாறிவிட்டது, பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். போனேன். இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கொண்டுபோனதுதான் தாமதமாகிவிட்டது.

வராந்தாவில் கனகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்க குத்துச்சின்னே தெரியல பாய். உள்ளங்கால்ல சின்னச் சின்னதா, ரவுண்டு ரவுண்டா, வரிசையாப் புண்ணு. முள்ளா ஆணியான்னு டாக்டரு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது? நெதம் ராத்திரி காலப் பாக்கறவ நானு. வண்டி வந்த பத்து நாளா அந்த சந்தோசத்துல பாக்காம வுட்டுட்டேன். எம் மேலதான் தப்பு."

ரவுண்டு ரவுண்டாக, வரிசையாக என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வரிசையை நான் துணியால் துடைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அழாதீங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமா என்றால், அதுவும்தான். ஆனால் அதைவிட, அந்த அம்மா என் கையை உதறிவிடுவாரே என்ற பயம். அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை ஷோரூமில் வெறுங்கால் முறையையே சொல்லிக்கொடுத்தேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

நாலு மாதம் கழித்து ஐயா கூப்பிட்டனுப்பினார். சாலை திறந்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார்.

"பாய், ஒரு யோசனை. நீ அந்தப் பக்கம் உக்காந்து ஸ்டேரிங்கும் கிளட்சும் பாத்துக்க. நான் இந்தப் பக்கம் உக்காந்து கியர் போடறேன். என் சோத்துக் கைக்கு எட்டும். பாதி ஓட்டுனதாவது ஆவுதில்ல?"

கோலை உள்ளே வைக்க இடமில்லை. கண்ணாடியை இறக்கி வெளியே நீட்டினாற்போல் வைத்தோம். நான் செருப்போடு உட்கார்ந்தேன். தவளக்குப்பம் பக்கமாகச் சுற்றி நாலு வழிச் சாலையில் ஏறினோம். முதலில் நான் "இப்ப" என்று சொல்வேன், அவர் தள்ளுவார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கால் இறங்குவதும் அவர் கை நகர்வதும் ஒன்றாகவே நடந்தன. ஐந்தாவது போட்டார், ஆறாவது போட்டார். ஓரிடத்தில், "இங்கதான் பம்புசெட்டு இருந்துச்சி" என்றார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்டிவிட்டோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

"கால் பூட்டாலும் நீ கத்துக்குடுத்தது பூடல பாய்" என்றார். "நல்லா சொல்லிக்குடுத்த. நீ மட்டும் இல்லன்னா நான் இத்தக்கூட பாத்திருக்க மாட்டேன்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஐயா, அந்தப் புண் பெடலால் வந்தது என்றேன். அம்மா செருப்பில்லாமல் விடாதீர்கள் என்று சொன்னதைச் சொன்னேன். பெடலில் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன், குங்குமம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன் என்றேன்.

அவர் கை கியர்த் தலையிலேயே இருந்தது. 

"எத்தினி நாளு பாத்த?"

"மூணு நாளு."

"மூணு நாளா?"

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு "வூட்டுக்கு வுடு" என்றார்.

திரும்புவதற்கு நானே கியரை இறக்கினேன். நான்கிலிருந்து மூன்றுக்கு வரும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. மூன்றிலிருந்து இரண்டுக்கும் அப்படியே. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த வண்டி தரையோடு தரையாக இருக்கும், இரண்டு கால் உள்ளவனுக்கே இறங்குவது பாடு. கதவைப் பிடித்து எழுந்து எழுந்து மூன்று தடவை உட்கார்ந்துவிட்டார். கனகம்மா ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் முகத்தில் வேர்த்திருந்ததைத் துண்டால் துடைத்தார். சந்தோஷமாகப் போய்விட்டு வந்த களைப்பு என்று நினைத்திருப்பார் போல. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வெயில்ல வந்துக்கிறீங்க. உக்காருங்க பாய், காப்பி போடறேன்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கோலை ஊன்றிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"அவருக்கு வேணாமாம்" என்றார் மனைவியிடம்.